பக்கத்து வீட்டுத் தங்கச்சி நர்சிங் சேரணும்னு கேட்டா, என்ன சொல்லுவீங்க?

நீங்க மெக்கானிக்கல், சிவில், ஐ.டி. எதுவா வேணா இருக்கலாம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் தெருவுல காலேஜ் போற ஆள்னு உங்களைத் தேடித்தான் வருவாங்க. "அண்ணா, எனக்கு நர்சிங் சேரணும். எப்படி அப்ளை பண்றது?" வீராம்பட்டினம், பாகூர், வில்லியனூர் பக்கம் இருக்கிற பல வீடுகள்ல அம்மா அப்பாவுக்கு ஆன்லைன் விண்ணப்பம் பழக்கம் இல்லை. அதனால் நாம சொல்ற பதில்தான் அந்தப் பொண்ணோட (இல்லைன்னா பையனோட) அடுத்த நாலு வருஷத்தை முடிவு பண்ணும். அரைகுறையா சொல்றதுக்குப் பதிலா ஒரு தடவை முழுசா தெரிஞ்சுக்கலாம்னுதான் இந்தக் கட்டுரை.

எந்தப் படிப்பு, முதல்ல அது

"நர்சிங்"னு ஒரே பேர்ல நாலஞ்சு படிப்பு ஓடுது. ஏ.என்.எம். 2 வருஷம். ஜி.என்.எம். 3 வருஷ டிப்ளமா. பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷப் பட்டப்படிப்பு. ஜி.என்.எம். முடிச்சவங்க பிறகு 2 வருஷம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிச்சு பட்டதாரி ஆகலாம்.

இதைத் தவிர 6 மாசம், 1 வருஷம்னு "நர்சிங் அசிஸ்டன்ட்" சர்டிபிகேட் கோர்ஸ் நிறைய இருக்கு. போஸ்டர்ல வெள்ளை கோட்டு, ஸ்டெதஸ்கோப் எல்லாம் இருக்கும். ஆனா அதைப் படிச்சா நர்ஸா பதிவு செய்ய முடியாது. நர்சிங் கவுன்சில் பதிவு இல்லாதவங்க அரசு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, வெளிநாட்டுக்கும் நர்ஸா போக முடியாது. சேர்றதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய முதல் கேள்வி, "படிச்சு முடிச்சா கவுன்சில்ல பதிவு பண்ணலாமா?" என்பதுதான். ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்கிறதெல்லாம் அதுக்கு அப்புறம்.

யாரெல்லாம் சேரலாம்?

பி.எஸ்சி. நர்சிங்குக்கான விதிகளை இந்திய நர்சிங் கவுன்சில் 2021 ஜூலையில் புதுசா அறிவிச்சது. அதன்படி:

- 12ஆம் வகுப்புல இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நாலும் படிச்சிருக்கணும். மொத்தத்துல குறைந்தது 45 சதவீதம் வேணும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 40 சதவீதம்.
- சேர்ற வருஷம் டிசம்பர் 31க்குள்ள 17 வயசு முடிஞ்சிருக்கணும்.
- உடல் தகுதிச் சான்று வேணும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ், மேத்ஸ் குரூப் எடுத்தவங்க உயிரியல் படிக்காததால பி.எஸ்சி. நர்சிங் சேர முடியாது. அதுக்காக கதவு முழுசா மூடிடுச்சுன்னு நினைக்க வேணாம். ஜி.என்.எம்.க்கு எந்த குரூப்பா இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். அங்கிருந்து போஸ்ட் பேசிக் வழியா பட்டத்துக்குப் போகலாம். தூரம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

பசங்களும் சேரலாம். "அது பொண்ணுங்க படிப்பு"ன்னு யாராவது சொன்னா, ஜிப்மர் வார்டுக்குள்ள ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரச் சொல்லுங்க.

புதுச்சேரியில் வழி எது?

நம்ம ஊருக்கு முக்கியமா ரெண்டு வழி.

முதல் வழி ஜிப்மர். கோரிமேட்டுல இருக்கிற இந்த நிறுவனம் 2008ல் நாடாளுமன்றச் சட்டம் மூலமா தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் ஆச்சு. இங்க பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை நீட் மதிப்பெண் அடிப்படையில நடக்குது. இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. நீட் விண்ணப்பம் வருஷத் தொடக்கத்துலயே வந்துடும், தேர்வு மே மாசம். பிளஸ் டூ ரிசல்ட் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு இருந்தா அந்த வருஷ ஜிப்மர் வாய்ப்பு ஏற்கனவே போயிருக்கும். "நான் டாக்டர் ஆகப் போறதில்ல, எனக்கு எதுக்கு நீட்?"னு கேக்கிற தங்கச்சிகிட்ட இதை ஜனவரியிலேயே சொல்லிடுங்க. நீட் எழுதினா மட்டும் போதாது. ஜிப்மர் அறிவிப்பு வந்ததும் அவங்க இணையதளத்துல தனியா விண்ணப்பிக்கணும்.

ரெண்டாவது வழி சென்டாக். நாம இன்ஜினியரிங்குக்குப் போட்ட அதே சென்டாக்தான். அரசு நடத்துற மதர் தெரசா சுகாதார அறிவியல் நிலையத்துக்கும், தனியார் கல்லூரிகள்ல இருக்கிற அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் இது வழியாத்தான் போகணும். முன்னாடி பிளஸ் டூ மார்க்கை மட்டும் வெச்சு சேர்த்தாங்க. புது விதியோ நுழைவுத்தேர்வு தகுதிப்படி சேர்க்கச் சொல்லுது. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம், நர்சிங் ஆர்வத்திறன் ஒவ்வொண்ணுக்கும் 20 மார்க், மொத்தம் 100 என்பது அந்த விதியில இருக்கிற மாதிரி அமைப்பு. அதனால அஞ்சு வருஷம் முன்னாடி சேர்ந்த அக்கா சொல்றதை மட்டும் நம்பாதீங்க. அந்த வருஷ சென்டாக் தகவல் கையேட்டை டவுன்லோட் பண்ணி, தேர்வு முறை என்ன, கடைசி தேதி என்னன்னு நீங்களே படிங்க.

எல்லை தாண்டினா தமிழ்நாடு. அங்க மருத்துவக் கல்வி இயக்ககத்தோட தேர்வுக்குழு நடத்துற சேர்க்கை வேற, விதிகள் வேற, இருப்பிடச் சான்றும் வேற. அங்க இருக்கிற சொந்தக்காரங்க சொல்ற தேதியை நம்ம ஊருக்குப் போட்டுப் பாக்காதீங்க.

சான்றிதழ் விஷயம்

குடியிருப்பு, சாதி, குடியுரிமைச் சான்றுகளை ரிசல்ட்டுக்கு முன்னாடியே தாலுக்கா அலுவலகத்துல வாங்கி வெச்சுக்கணும். ரிசல்ட் வந்த பிறகு போனா ஊரே அங்கதான் வரிசையில நிக்கும். சாதிச் சான்றுல எம்.பி.சி.யா இ.பி.சி.யா, எது எழுதியிருக்கோ அதையே விண்ணப்பத்துல தேர்வு பண்ணுங்க. நம்ம கடலோர ஊர்கள்ல இதைக் குழப்பிக்கிறது சகஜம். பேர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் பத்தாவது மார்க் ஷீட்டுல இருக்கிற மாதிரியே இருக்கணும்.

ஏஜென்ட் வந்தா

"வெளி மாநிலத்துல சீட் ரெடி, இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுங்க"ன்னு சொல்ற ஆட்கள் மே மாசம் ஊருக்கு ஊர் வருவாங்க. வீட்டுல நகையை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க: அந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோட இணைஞ்சிருக்கு, அந்த மாநில நர்சிங் கவுன்சில் அங்கீகரிச்சிருக்கா, இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியல்ல பேர் இருக்கா. மூணையும் வீட்டுல இருந்தே போன்லயே பாத்துடலாம். இன்னொண்ணும் கேளுங்க: மாணவர்கள் பயிற்சி எடுக்கிற ஆஸ்பத்திரி எது, அதுல எத்தனை படுக்கை? நோயாளியே இல்லாத ஆஸ்பத்திரியில நர்சிங் கத்துக்க முடியாது.

ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரி பிடிச்சு வெச்சுக்கக் கூடாதுன்னு யு.ஜி.சி. 2018லயே சொல்லிடுச்சு. சரிபார்த்துட்டுத் திருப்பிக் கொடுக்கணும்.

சேர்ந்த பிறகு என்ன நடக்கும்?

நம்மளை மாதிரியே 8 செமஸ்டர். முதல் செமஸ்டர்ல ஆங்கிலம், உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், நர்சிங் அடிப்படைகள். ரெண்டாவதுல உயிர்வேதியியல், ஊட்டச்சத்து, நர்சிங் இன்ஃபர்மேட்டிக்ஸ் எல்லாம் வருது. கடைசி செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப்: 22 வாரம், வாரம் 48 மணி நேரம். தேர்வு எழுத 80 சதவீத வருகை வேணும். பட்டம் கையில வாங்கணும்னா பயிற்சிப் பகுதிகள்ல 100 சதவீதம் முடிச்சிருக்கணும். விட்ட நாளை ஈடு கட்டாம தப்பிக்க முடியாது. ப்ராக்ஸி போட்டே பழகின நம்ம கூட்டம் இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாக்கலாம்.

ஆரம்பத்துல கத்துக்கிறது சின்ன விஷயமாத் தெரியும். சோப்பு போட்டுக் கை கழுவுறதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற நேரம் 40 முதல் 60 நொடி. நோயாளியோட மூச்சை எண்ணும்போது, எண்ணுறோம்னு அவர்கிட்ட சொல்லக் கூடாது. சொன்னா அவரை அறியாமலே மூச்சை மாத்திடுவார். அதனால நாடி பாக்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டே நெஞ்சு ஏறி இறங்குறதை எண்ணுவாங்க. அளக்கிற செயலே அளவை மாத்துதுன்னா கருவியை எப்படி வைக்கணும்? நம்ம மெஷர்மென்ட்ஸ் பேப்பர்ல வர்ற அதே பிரச்சினைதான்.

கணக்கும் உண்டு. 500 மில்லி சலைன் 4 மணி நேரத்துல ஏறணும், செட்டுல 1 மில்லிக்கு 20 சொட்டுன்னு வெச்சுக்குவோம். 500ஐ 20ஆல பெருக்கி 240 நிமிஷத்தால வகுத்தா நிமிஷத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. நமக்குக் கணக்கு தப்பினா ஒரு மார்க் போகும். அங்க அது ஒருத்தரோட உடம்புக்குள்ள போயிடும்.

தமிழ் மீடியம்ல படிச்சு வர்றவங்களுக்கு முதல் ரெண்டு மாசம் உடற்கூறியல் வார்த்தைகள் பயமுறுத்தும். கிளாஸ்ல பாடம் ஆங்கிலத்துல, வார்டுல நோயாளி பேசுறது தமிழ்ல. "நெஞ்சு கரிக்குது", "தலை கிர்ருங்குது"ன்னு ஒரு பாட்டி சொல்றது உடனே புரியுற பொண்ணுக்கு அது ஒரு பெரிய பலம். வார்த்தைகளைத் தினம் பத்துன்னு எழுதிப் பழகினா, செமஸ்டர் முடியறதுக்குள்ள பயம் போயிடும்.

வீட்டுல பேச வேண்டியது

வீராம்பட்டினத்துல இருந்து கோரிமேடு போறதுன்னா அரியாங்குப்பம், புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு எல்லாம் தாண்டி ஊரோட மறு கோடிக்குப் போகணும். பயிற்சி நேரம் காலையில சீக்கிரமே தொடங்கும், பின்னாடி நைட் டூட்டியும் வரும். ஹாஸ்டலா, தினமும் பஸ்ஸான்னு சேர்றதுக்கு முன்னாடியே வீட்டுல பேசி முடிவு பண்ணிடணும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் ஆரம்பத்துலயே போட்டுக்கணும். 3 டோஸ் முடிய 6 மாசம் ஆகும்.

"படிச்சா என்ன வேலை?"ன்னு அப்பா கேட்பார். எய்ம்ஸ் நிறுவனங்களுக்கு நார்செட் தேர்வு மூலமா நர்சிங் ஆபீசர் எடுக்கிறாங்க. அடிப்படைச் சம்பளம் மாசம் ரூ. 44,900. தனியார்ல தொடக்கச் சம்பளம் இதைவிட ரொம்பக் கம்மி, அதையும் மறைக்காம சொல்லிடுங்க. ரெண்டும் தெரிஞ்சு முடிவு பண்ணட்டும்.

உங்க தெருவுல இப்போ பதினொண்ணாவது படிக்கிற யாராவது உயிரியல் எடுத்திருக்காங்களா? இந்த வாரமே ஒரு வார்த்தை பேசுங்க. அடுத்த ஜூன்ல பேசினா சொல்றதுக்குப் பாதி விஷயம் மிச்சம் இருக்காது.