இருநெறி கூடிய ஓர் இசைத்தட்டு

ஒரு கலைமரபு பிறிதொரு மரபோடு கூடுமிடத்து, பிறப்பது புதுப்படைப்போ அன்றி வெறுங் கலவையோ என்னும் வினா எழுதல் இயல்பு. மேலைநாட்டு இசையுலகில் அவ்வினாவைக் கூர்மையாக எழுப்பிய படைப்புக்களுள் ஒன்று, 1960 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஸ்கெச்சஸ் ஒவ் ஸ்பெயின்’ என்னும் இசைத்தட்டாகும். ‘ஸ்பானியச் சித்திரங்கள்’ என அப்பெயரைத் தமிழிற் கூறலாம். ட்றம்பெற் வாசிப்பில் வல்லவரான மைல்ஸ் டேவிஸ் (1926–1991) என்பாரும், பல்லிய அமைப்பிற் கைதேர்ந்த கில் எவன்ஸ் (1912–1988) என்பாரும் கூடி ஆக்கியது அது.

மேலைச் செவ்விசை, இயற்றியோன் எழுதிவைத்த சுரக்குறிப்பைப் போற்றுவது. அமெரிக்கக் கறுப்பு மக்களிடையே தோன்றிய ஜாஸ், இசைப்போன் அவ்வேளையிற் செய்யுங் கற்பனைக்கு முதலிடம் அளிப்பது. இவ்விரண்டும் கூடிய நெறிக்குக் குந்தர் ஷுலர் என்னும் இசையறிஞர் 1957 இல் ‘மூன்றாம் நீரோட்டம்’ எனப் பெயரிட்டார்.

இத்தகைய நீண்ட ஆக்கத்துக்கு வழிசமைத்தது தட்டின் வளர்ச்சியேயாம். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று முதல் ஐந்து நிமிட இசையே அடங்கும். 1948 இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட வினைல் நெடுந்தட்டோ, நுண்ணிய வரிப்பள்ளங்களுடன் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழன்று, பக்கமொன்றில் இருபது நிமிடத்துக்கு மேற்பட்ட இசையைத் தாங்கியது. ‘ஸ்பானியச் சித்திரங்க’ளின் முதலுருப்படி பதினாறு நிமிடத்துக்கு மேல் நீள்வது. அரக்குத் தட்டாயின் அது நான்கு துண்டுகளாக அறுபட்டிருக்கும்.

அவ்வுருப்படியின் மூலம், ஜோகின் றொட்றிகோ 1939 இல் பாரிஸ் நகரில் இயற்றிய ‘அரான்ஹுவேஸ்’ கிற்றார் இசையின் நடுப்பகுதியாகும். றொட்றிகோ மூன்று வயதிலே பார்வையிழந்தவர். கருவிலே தம் முதற்குழவியை இழந்த துயரும் அப்பகுதியிற் கலந்துள்ளதென அவர்தம் மனைவியார் பிற்காலத்தில் எழுதினார். அத்துயரைக் கிற்றாரின்றி உணர்த்துவது எங்ஙனம்? எவன்ஸ், வயலின் வரிசையையும் விலக்கினார். புல்லாங்குழல், ஓபோ, பிரெஞ்சுக் கொம்பு, டியூபா, யாழ் போன்ற ஹாப் ஆகியவற்றால் மெல்லிய திரையொன்று நெய்தார். அதன் முன்னே டேவிஸின் தனிக்குழல் ஒலிக்கிறது. முன்னர் தேவாலயமாயிருந்த நியூயோர்க் ஒலிப்பதிவுக் கூடத்தின் உயர்ந்த கூரை அவ்வொலிக்கு ஆழமும் எதிரொலியும் ஈந்தது.

“இது ஜாஸ் ஆகுமா?” என அக்காலத்தே வினவினோர் உளர். அவ்வினா பொருளற்றதன்று, முதலுருப்படியிற் பெரும்பாலானவை எழுதப்பட்ட சுரங்களே. எனினும் இரண்டாம் பக்கத்தில் விடை கிடைக்கின்றது. அந்தலூசியா நாட்டிற் பெரிய வாரப் பவனியின்போது, திருவுருவம் நோக்கி மேன்மாடத்தினின்று பாடப்படுவது ‘சயெத்தா’. தட்டில், பவனியின் முரசு அணுகி வருகிறது. பாடும் பெண்குரலின் இடத்தில் டேவிஸின் குழல் நிற்கிறது. இரு சுரங்களுக்கிடையே அக்குழல் குழைந்து தேம்புவதை எந்தச் சுரக்குறிப்பும் முற்ற எழுதிக்காட்டவியலாது. இறுதியில் வரும் ‘சொலியா’வில் அவர் ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடம், ஒரு சுரவரிசையைப் பற்றிநின்றே கற்பனையை விரிக்கிறார். ஓர் இராகத்தை ஆலாபனஞ் செய்யக் கேட்டுப் பழகிய செவிக்கு இம்முறை அந்நியமாகாது.

1961 இல் இப்படைப்பு, ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்ட ஜாஸ் ஆக்கத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. விருதினும் பெரிதொன்று உண்டு. அந்தலூசியப் பாடலின் துயரும், அடிமைத்தளையில் வாடிய மக்களின் வழிவந்த ‘புளூஸ்’ இசையின் துயரும் ஈண்டு ஒன்றையொன்று இனங்கண்டுகொள்கின்றன. இரு மரபுகள் தத்தம் ஆற்றலை இழவாது கூடுமாயின் அது கலவையன்று; படைப்பேயாம்.