கறிவேப்பிலையில் வந்த விருந்தாளிகள்

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் கல்முனைக் கரையில் பகற்பொழுதைக் கழிப்பது பெரும்பாடு. மழையையெல்லாம் மலைநாட்டில் கொட்டிவிட்டு, வெறுங்கையுடன் இறங்கி வரும் காற்று அது. இக்காலத்தில் முற்றத்து நிழலில் மண்சட்டியொன்றில் நீர் வைத்தால் கரிச்சானும் கொண்டைக்குருவியும் நாள்தோறும் நீராட வரும். அதனினும் சுவையான பொழுதுபோக்கொன்று கறிவேப்பிலை மரத்தில் இருக்கிறது.

இளந்தளிர்களைக் கூர்ந்து நோக்குங்கள். பறவையின் எச்சம் போன்று, கபிலமும் வெண்மையும் கலந்த ஒன்று இலைமீது ஒட்டிக்கொண்டிருக்கும். எச்சமென்றே நாம் விட்டுவிடுவோம். பறவைகளும் அவ்வாறே விட்டுவிடுகின்றன. புழுவுக்கு வேண்டியதும் அதுவே. வளர்ந்தபின் இதுவே பச்சை நிறம் பெறும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து செந்நிறக் கவைக்கொம்பொன்றை நீட்டி, நாற்றத்தால் பகைவரை விரட்டும். மயிர்க்கொட்டியன்று, சொறியாது. கறிவேப்பிலை, தேசி, வில்வம் ஆகியவையே இதன் உணவு. இலங்கையிலுள்ள ஏறத்தாழ 250 வகை வண்ணத்துப்பூச்சிகளுள் வீட்டில் வளர்ப்பதற்கு இதைப்போல் எளிதானது அரிது.

நமது வேலியோரத்துக் கறிவேப்பிலை மரம் இரு வீட்டாருக்கும் பொது. அயல்வீட்டு அம்மையார் ஒருநாள், "சேர், கறிக்குப் போட ஒரு நெட்டுக்கூட மிச்சமில்லையே, மருந்தடித்தால் என்ன?" என்றார். அவருடைய ஒன்பது வயது மகளோ, "வேண்டாம் உம்மா" என்று அழுதாள். முடிவில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது: மருந்து அடிப்பதில்லை, புழுக்களை எடுத்து நாம் வளர்ப்பது.

ஐந்து புழுக்கள் அகன்ற வாய்ப் போத்தலொன்றில் குடியேறின. வாயை மெல்லிய துணியால் கட்டினோம். இலைக்கொப்பைச் சிறு குப்பியில் நீர் ஊற்றிச் செருகி, புழு நீரில் விழாதிருக்கக் குப்பியின் வாயைப் பஞ்சினால் அடைத்தோம். தினமும் புதிய இலை இட வேண்டும். எச்சத்தை அகற்ற வேண்டும். இவ்வேலையைச் சிறுமி ஒருநாளும் தவறவிடவில்லை.

தவறியவர் நாமே. மரத்தில் தளிர் தீர்ந்த அன்று, சந்தையில் வாங்கிய இலையைக் கழுவாமலே இட்டோம். விடிந்து பார்த்தால் மூன்று புழுக்கள் சுருண்டு கிடந்தன. பூச்சிமருந்து பட்ட இலை போலும். சிறுமி இரண்டு நாள் நம்முடன் பேசவில்லை. நியாயம் அவள் பக்கமே.

எஞ்சிய இரண்டும் உண்பதை நிறுத்தின. வயிற்றிலிருந்ததைக் கழித்துவிட்டு, பட்டிழையொன்றை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுக்களாயின. காற்றோட்டத்திற்காகக் கொப்பை விறாந்தையில் வைத்தோம். அங்கும் ஓர் இடர். சில நாளில் ஒரு கூடு கருத்தது. அதில் ஊசித்துளை போன்றதொரு வழியால் நுண்ணிய குளவிகள் பல வெளிவந்தன. அவற்றின் தாய் கூட்டினுள் முட்டையிட்டுவிட்டது.

"மற்றதும் செத்துவிடுமா, சேர்?" என்றாள் சிறுமி. நம்மிடம் விடை இல்லை.

பதினோராம் நாட்காலை அது பிளந்தது. ஈரமாய்க் கசங்கிய சிறகுகளுடன் வெளிவந்த பூச்சி, கொப்பில் தலைகீழாகத் தொங்கிற்று. உடலிலிருந்து பாயமொன்று நரம்புகளில் ஏற ஏறச் சிறகுகள் விரிந்தன. கரிய சிறகு, பின்சிறகில் செம்புள்ளிகள். பெண் பூச்சி! இவ்வினத்தின் பெண்கள் பல வேடந் தரிப்பவை. ஆடுதின்னாப்பாளையைத் தின்று நஞ்சேறிய வேறொரு வண்ணத்துப்பூச்சியைப் பறவைகள் தீண்டுவதில்லை. இது அதன் ஆடையை அணிந்துகொள்கிறது. நஞ்சுடையதன் உடல் சிவப்பு, இதன் உடலோ கறுப்பு, அவ்வளவே வேற்றுமை. இவ்வேடத்தை அறிஞர் வாலஸ் 1865இலேயே விளக்கி எழுதினார். சிறுமிக்கு நாம் சொன்ன விளக்கம் வேறு: எங்கோ நெய்த சேலையை மருதமுனைச் சேலையென்று விற்கும் வியாபாரியின் தந்திரம். கேட்டதும் நெடுநாளைக்குப் பின் சிரித்தாள்.

ஒன்றிரண்டு மணி நேரத்தில் சிறகுகள் உலர்ந்தன. பூச்சி அவள் விரலில் ஒரு கணம் இருந்து, வேலியைக் கடந்து, அவள் தாயின் தேசி மரத்தை நோக்கிப் பறந்தது.

சில நாட்கள் கழித்து அம்மையார் நமது போத்தலைக் கழுவித் திருப்பி அனுப்பினார். உள்ளே தேசிக்கொப்பொன்று, அதன்மீது பறவை எச்சம் போல் இரண்டு.