'பி' போனது, பசை போகவில்லை

ஈராண்டு முடிந்ததும் 'பி' ஒட்டியை உரித்தெறிவதில் ஒரு தனி இன்பம் இருக்கிறது, நண்பர்களே. சென்ற விடுமுறையில் செமிலிங் வீட்டில் அப்பாவின் காடியில் (மேடையில் மட்டும் மகிழுந்து!) நானும் உரித்தேன். பின்பக்க மூடியில் பசை அப்படியே தங்கிவிட்டது. தின்னரால் துடைத்தேன், பசையோடு சாயமும் துணியில் வந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

தொழிற்சாலையில் சூடேற்றி இறுக்கிய சாயம் ஓரளவு தாங்கும். எங்கள் காடியோ பட்டறையில் மறுசாயம் அடித்தது. அதைத் தின்னர் எளிதில் கரைத்துவிடும்.

இது பழைய தொல்லைதான். அமெரிக்காவில் காடிக்கு இரு வண்ணம் தீட்டும்போது, ஓரத்தில் ஒட்டிய நாடாவோடு சாயமும் உரிந்து வந்தது. அதைப் பார்த்துத்தான் ரிச்சர்ட் ட்ரூ 1925இல் மென்மையாகப் பிடிக்கும் நாடாவை உருவாக்கினார்.

ஒட்டிப் பசைகள் பலவும் ரப்பரோ அதுபோன்ற செயற்கைப் பொருளோ பிசினுடன் கலந்தவை. தண்ணீருக்கு மசியாது, எண்ணெயில் ஊறிக் குழையும். பால் வெட்டிய பாட்டி கேட்டுச் சிரித்தார்: "சட்டையில ஒட்டுன பாலுக்கு மண்ணெண்ணெய்தானே போடுவோம்!"

முதலில் மணலைக் கழுவுங்கள். இல்லையேல் கீறல் விழும். வெந்நீர்த் துணியால் ஒற்றி, சமையல் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, விரலால் உருட்டி எடுங்கள். பிளேடு வேண்டாம். மிஞ்சியதற்குத் துணியில் சிறிது மண்ணெண்ணெய்; முதலில் மறைவான இடத்தில் சோதியுங்கள், அருகில் நெருப்பு கூடாது. உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவி மெழுகு பூசுங்கள்.

பிறகும் சதுரமாக ஒரு தடம் தெரிந்தால் அது பசையன்று. சுற்றிலும் சாயம் வெயிலில் வெளுத்திருக்கிறது, தேய்த்துப் பயனில்லை.