உங்களுக்குத் தெரியுமா? ஓடும் எலியும் தின்னும் எலியும்

● கூண்டில் அடைபட்ட எலிதான் வேறு வழியில்லாமல் சக்கரத்தில் ஓடுகிறது என்று பலரும் நினைத்திருந்தார்கள். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஹன்னா மெய்யர் 2009இல் ஓடுசக்கரங்களைத் திறந்தவெளியில் வைத்தார். ஒன்று ஊருக்குள் பசுமையான ஓரிடத்தில், இன்னொன்று ஆள் நடமாட்டமில்லாத மணல்மேட்டில். பக்கத்தில் கேமரா. காட்டுச் சுண்டெலிகள் தாமாகவே வந்து ஏறி ஓடின. ஆசைகாட்ட வைத்திருந்த தீனியை எடுத்த பிறகும் ஓடின. தவளைகளும் ஓடில்லா நத்தைகளும்கூடச் சக்கரத்தைச் சுழற்றியது பதிவாகியிருக்கிறது. 2014இல் வெளியான இந்த ஆய்வு சொல்வது இதுதான்: ஓடுவது ஒரு விலங்குக்கு விருப்பமாகவும் இருக்கலாம்.

● அப்படி ஓடுவதால் என்ன கிடைக்கிறது? அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சுண்டெலிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு மட்டும் ஆறு வாரம் ஓடுசக்கரம். பிறகு இரண்டையும் சிறிது நேரம் குளிர்ந்த நீரில் விட்டார்கள். ஓடாத சுண்டெலிகளின் மூளையில், ஹிப்போகேம்பஸ் பகுதி நரம்பணுக்கள் உடனே கிளர்ந்தெழுந்தன. ஓடிப் பழகியவற்றில் அந்தக் கிளர்ச்சி இல்லை. ‘காபா’ என்னும் அமைதிப்படுத்தும் வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்கள் வேலை செய்து அதை அடக்கிவிட்டன. 2013இல் வந்த முடிவு இது. தண்ணீரின் குளிர் இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான், பதற்றம்தான் வேறு.

● ஆனால் விரட்டி ஓடவைத்தால் கதை மாறுகிறது. டிரெட்மில்லில் வாரக்கணக்கில் கட்டாயமாக ஓடவிட்ட எலிகளுக்கு அட்ரினல் சுரப்பி பெருத்தது, தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரண்டுமே நீடித்த அழுத்தத்தின் அடையாளங்கள்.

● தனிமையும் கெடுக்கும். கூட்டமாக வாழ்ந்த எலிகள் ஓடியபோது மூளையில் புதிய நரம்பணுக்கள் கூடின. தனித்தனியே அடைத்த எலிகளும் அதே அளவு நாட்கள் ஓடின, அவற்றுக்கு அந்தப் பலன் உடனே கிட்டவில்லை. இதுவும் பிரின்ஸ்டன் ஆய்வுதான், 2006.

● கலக்கத்தில் இருக்கும் எலி எதைத் தேடித் தின்னும் தெரியுமா? கொழுப்பையும் சர்க்கரையையும். சான் பிரான்சிஸ்கோவில் ஆய்வாளர் மேரி டால்மனும் குழுவினரும் 2003இல் இதை விளக்கினார்கள். அவற்றைத் தின்றதும் உடலின் அழுத்த ஹார்மோன் ஓட்டம் உண்மையாகவே தணிகிறது. அதனால்தான் பழக்கம் விடுவதில்லை. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அந்த ஆறுதலுக்குக் கொடுக்கும் விலை.

● விடாத பழக்கம் எவ்வளவு ஆழமாகப் போகும் என்பதை 2010இல் ஃபுளோரிடாவில் பார்த்தார்கள். விளக்கு எரிந்தால் காலில் மின்அதிர்ச்சி விழும் என்று எலிகளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சாதாரண எலிகள் விளக்கைக் கண்டதும் தின்பதை நிறுத்தின. பன்றிக்கறி, சீஸ்கேக், சாக்லேட் என்று நாள் முழுக்கத் தின்று கொழுத்த எலிகள் நிறுத்தவே இல்லை. அந்தத் தீனியை எடுத்துவிட்டு வழக்கமான தீவனம் வைத்தால், இரண்டு வாரம்வரை அதைச் சரியாகத் தொடவும் இல்லை.

● நொறுக்குத்தீனி தின்னும் எலி கூடவே ஓடினால்? அயர்லாந்தின் கார்க் நகரில் நடந்து 2025இல் வெளியான ஆய்வில், ஓட்டம் அவற்றின் மனச்சோர்வு போன்ற நடத்தையைக் குறைத்தது. ஆனால் நல்ல தீவனம் தின்று ஓடிய எலிகளின் மூளையில் பெருகிய புதிய நரம்பணுக்கள், இவற்றில் அப்படிப் பெருகவில்லை.

● ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வருவோம். என்னை மிகவும் யோசிக்க வைத்தவை ஓஹியோ மாநிலம் கிளீவ்லாந்து உயிரியல் பூங்காவின் இரண்டு ஆண் கொரில்லாக்கள், பெபாக், மொகோலோ. 2005இல் அங்கே ஒரு கொரில்லா இதயநோயால் இறந்தது. அதன் பிறகு இவற்றின் உணவை ஆராய்ந்தார்கள். அதுவரை கொடுத்தது ஊட்டச்சத்து சேர்த்த பிஸ்கட், மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்தது. அதை நிறுத்தி, தினமும் தள்ளுவண்டி நிறையக் கீரை, லெட்டூஸ், பீன்ஸ், மரக்கிளைகள் கொடுத்தார்கள். உண்ட கலோரி ஏறத்தாழ இரண்டு மடங்கானது. எடையோ ஒவ்வொன்றுக்கும் 30 கிலோவுக்கு அருகில் குறைந்தது! அதைவிட முக்கியமானது வேறு. தின்றதைக் கக்கி மறுபடியும் தின்னும் வழக்கம் பூங்காக் கொரில்லாக்களிடம் உண்டு, காட்டில் கிடையாது. பிஸ்கட் போனதும் அதுவும் போய்விட்டது. முன்பு நாளில் கால்வாசி நேரமே உணவுக்குச் செலவானது. உணவை மாற்றிய பிறகு பாதிக்கும் மேல் தேடுவதிலும் உரிப்பதிலும் மெல்லுவதிலும் கழிந்தது, காட்டில் கழிவதுபோல.

● கோயில் யானை நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்து உடம்பை ஆட்டுவதைப் பார்த்து, குஷியில் ஆடுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். அடைபட்ட வாழ்க்கையில் வரும் பழக்கம் அது. மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு வளர்ப்பு யானைகளிடம் இதை ஆராய்ந்தபோது, கோயில் யானைகளிடம் அதிகமாகவும் வனத்துறை முகாம் யானைகளிடம் குறைவாகவும் இருந்தது. முகாம் யானைகளுக்குக் காட்டில் நடந்து மேய வழியுண்டு, துணைக்கு வேறு யானைகளும் உண்டு. கோயில் யானைக்குக் கல்தரையும் சங்கிலியும் கவளச் சோறும்.

● இங்கிலாந்தின் பெயிண்டன் உயிரியல் பூங்காவில் லெமூர்களுக்குப் பழம் தருவதை நிறுத்திக் காய்கறி கொடுத்தார்கள். ஒன்றையொன்று கடித்துத் துரத்துவதும் தன்னைத்தானே சொறிந்துகொண்டிருப்பதும் குறைந்தன. நாம் உண்ண விளைவிக்கும் பழங்களில் காட்டுப் பழங்களைவிடச் சர்க்கரை அதிகம், நார் குறைவு. மெல்பர்ன் உயிரியல் பூங்காவிலும் சர்க்கரைக்கு அஞ்சிப் பழத்தைக் கைவிட்டார்கள். செம்பாண்டாக்கள் எடை கூடியதும் விலங்குகளின் பற்கள் சொத்தையானதும் அங்கே காரணம்.