பேரனின் ஒளிவாளும் தாத்தாவின் சிக்னலும்

ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தெட்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வுபெற்று நாக்பூரிலேயே தங்கிவிட்டவன் நான். இந்த வயதில் வாள் வீச்சைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம். எழுத ஒரு காரணம் இருக்கிறது.

போன வருடம் தீபாவளிக்கு என் பேரன், ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வருகிற ஒளிவாள் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். வயது பன்னிரண்டு. பொருட்காட்சியில் ஒரு பிளாஸ்டிக் வாள் வாங்கிக் கொடுத்தேன். பொத்தானை அழுத்தினால் நீல வெளிச்சம், ‘ஊங்’ என்று ஒரு சத்தம். பையனுக்கு ஒரே குஷி. மூன்றாம் நாள் மொட்டை மாடியில் பக்கத்து வீட்டுப் பையனோடு சண்டை விளையாட்டு. விளையாட்டு வினையானது. என் பேரன் கோபத்தில் ஓங்கி வீச, அடி அந்தப் பையனின் காதோரம் விழுந்தது. வாள் தூண் மேல் பட்டு இரண்டாக உடைந்தது. உடைந்த முனை கத்தி மாதிரி இருந்தது. அது கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

காது வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது. ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவே பேச்சு நின்றுவிட்டது. என் மருமகள், “மாமா, இனிமேல் இந்தச் சனியன் வீட்டுக்குள் வரக்கூடாது” என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. வாங்கிக் கொடுத்தவன் நான். எதை வாங்குகிறோம், அதை எப்படிக் கையாள வேண்டும் என்று தெரியாமல் கொடுத்தது என் குற்றம். தெரிந்துகொள்வோம் என்று இறங்கினேன். கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒளியில் வாள் உண்டா?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். ஒளியாலேயே ஆன வாள் செய்ய முடியாது. டார்ச் வெளிச்சத்தை இரண்டரை அடியில் நில் என்றால் நிற்காது, சுவர் வரை போகும். இரண்டு டார்ச் வெளிச்சங்களைக் குறுக்கே விட்டால் ஒன்றையொன்று தடுக்காமல் ஊடுருவிப் போய்விடும். வாள் என்றால் தடுக்க வேண்டுமே! இதை மொட்டை மாடியில் பேரனுக்குச் செய்து காட்டினேன். “அப்போ படத்துல எப்படித் தாத்தா?” என்றான்.

படத்தில் அது கைவேலை. 1977-ல் வந்த முதல் படத்தில் கதாநாயகன் வைத்திருந்த வாளின் பிடி, பழைய பத்திரிகைக் கேமராவின் ஃபிளாஷ் விளக்குப் பிடிதான். நடிகர்கள் கையில் இருந்தது வெறும் குச்சி. ஒளியைப் பிற்பாடு படச்சுருளில் சேர்த்தார்கள். அந்த ‘ஊங்’ சத்தத்தை உருவாக்கிய பென் பர்ட், பழைய சினிமா புரொஜெக்டர் மோட்டாரின் இரைச்சலையும், டெலிவிஷன் பிக்சர் டியூப் பக்கத்தில் மைக்கைக் கொண்டுபோனால் வருகிற ரீங்காரத்தையும் கலந்து அதைச் செய்தார்.

ஆனால் வாள் பொய்யே தவிர, வீச்சு பொய்யில்லை. 1980, 1983-ல் வந்த அடுத்த இரண்டு படங்களில் வில்லனின் கறுப்பு உடைக்குள் இருந்துகொண்டு வாள் சண்டை போட்டவர் பாப் ஆண்டர்சன். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக வாள் பிடித்தவர். இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. பொம்மையைக் கொடுத்த நாம் வித்தையைக் கொடுக்கவில்லை!

எதை வாங்குவது?

நல்ல ஒளிவாளின் அலகு பாலிகார்பனேட் குழாய். போலீஸ்காரர்களின் கலவரக் கேடயம் செய்கிற அதே பொருள். அடி பட்டால் வளையும், சில்லு சில்லாகத் தெறிக்காது. குழாயின் வெளி விட்டம் பெரும்பாலும் ஒரு அங்குலம். பிடி அலுமினியம். உள்ளே 18650 என்கிற லித்தியம் பேட்டரி. அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். வாள் அசைவதை உணர்ந்து சத்தத்தை மாற்ற ஒரு சின்ன சர்க்யூட்டும் உண்டு.

வெளிச்சம் வருவதில் இரண்டு வகை. ஒன்றில், பிடிக்குள் ஒரே ஒரு பெரிய எல்.இ.டி. இருக்கும். குழாய்க்குள் சுருட்டி வைத்த மெல்லிய பிலிம் அந்த வெளிச்சத்தை நீளம் முழுக்கப் பரப்பும். இன்னொன்றில், குழாய்க்குள்ளேயே வரிசையாகச் சின்னச் சின்ன எல்.இ.டி.க்கள். இரண்டாவதுதான் பார்க்க அழகு. படத்தில் போலவே ஒளி அடியிலிருந்து நுனிக்கு ஏறும். ஆனால் மோதல் பயிற்சிக்கு முதல் வகையே நல்லது. அடி வாங்கும் குழாய்க்குள் உடைவதற்கு ஒன்றும் இல்லை. பல்பு சிக்னல் போய் எல்.இ.டி. சிக்னல் வந்த காலத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இதெல்லாம் எனக்குச் சுலபமாகப் புரிந்தது. பேட்டரி விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. நம் ஊர் மே மாத வெயிலில் வாளைக் காருக்குள் விட்டுவிடாதீர்கள். ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

முதல் பாடம் கால்

எங்கள் ஊரில் ஃபென்சிங் சொல்லித்தரும் பயிற்சியாளர் ஒருவரிடம் பேரனை அழைத்துப் போனேன். அவர் ஒரு மாதம் வாளையே தொடவிடவில்லை. முன்னே ஒரு எட்டு, பின்னே ஒரு எட்டு. கால்கள் ஒன்றையொன்று குறுக்கிடக் கூடாது. முழங்கால் இளகி இருக்க வேண்டும். பையன் முகம் சுளித்தான். எனக்கு மட்டும் சின்ன வயதில் திருநெல்வேலிப் பக்கம் பார்த்த சிலம்பம் ஞாபகம் வந்தது. அங்கேயும் ஆசான் காலடி வைக்கத்தான் முதலில் கற்றுக்கொடுப்பார், கம்பு அப்புறம்.

இரண்டாம் பாடம் தூரம். எதிராளியின் வாள் எட்டாத தூரத்தில் நிற்பது, ஒரு எட்டில் அவனை எட்டுகிற இடத்துக்கு வருவது, உடனே பழைய இடத்துக்குத் திரும்புவது. இதைப் பேரனுக்கு நான் ரயிலை வைத்து விளக்கினேன். எங்கள் பிரிவின் வேலையே தூரத்தைக் காப்பதுதான். ஒரு வண்டி இருக்கும் பிளாக் செக்‌ஷனுக்குள் இன்னொரு வண்டிக்கு இடமில்லை. கலர் லைட் சிக்னலில் சிவப்பு விழுந்தால், அந்த சிக்னலைத் தாண்டியும் 120 மீட்டர் பாதை காலியாக இருக்க வேண்டும். டிரைவர் கொஞ்சம் தவறினாலும் மோதாமல் இருக்கத்தான் அந்த இடம். வாளுக்கும் அப்படித்தான்.

மூன்றாம் பாடம்தான் முக்கியம்: நிறுத்துவது. ஓங்கி அடிக்க யாராலும் முடியும். முழு வேகத்தில் வந்த வாளை எதிராளியின் தோளில் பூப்போலத் தொட்டு நிறுத்த மாதக்கணக்கில் பழக வேண்டும். எங்கள் வீட்டில் கொடிக்கயிற்றில் ஒரு பழைய துண்டைத் தொங்கவிட்டு, துண்டு ஆடாமல் அதைத் தொட வேண்டும் என்று பந்தயம் வைத்தோம். முதல் வாரம் துண்டு ஊஞ்சல் ஆடியது. மூன்றாம் மாதம் லேசாக அசைந்தது. அதற்குள் பையனின் முன்கோபமும் கொஞ்சம் அடங்கியிருந்ததை அவன் அம்மாதான் முதலில் கவனித்தாள்.

பிரான்சில் இது ஒரு போட்டி

இது வெறும் பிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2019-ல் பிரான்ஸ் நாட்டின் வாள்வீச்சு சம்மேளனம், ஃபாயில், எப்பே, சேபர் என்ற மூன்று மரபு வாள்களோடு ஒளிவாளையும் ஒரு போட்டி வகையாக ஏற்றுக்கொண்டது. டி.வி., செல்போன் முன்னால் உட்கார்ந்திருக்கும் இளசுகளை எழுப்பி ஓடவைக்க இது உதவும் என்பது அவர்கள் எண்ணம்.

அவர்கள் வகுத்த விதிகளைக் கேளுங்கள். தரையில் வட்டம் போட்டு அதற்குள் இருவரும் நிற்பார்கள். தலையிலோ உடம்பிலோ பட்டால் 5 புள்ளி, கை கால்களில் பட்டால் 3, மணிக்கட்டுக்குக் கீழே கையில் பட்டால் 1. முதலில் 15 எடுப்பவர் அல்லது 3 நிமிட முடிவில் அதிகம் வைத்திருப்பவர் ஜெயித்தார். இருவருமே 10-ஐத் தொட்டுவிட்டால், அடுத்துத் தலையிலோ உடம்பிலோ தொடுபவருக்கு வெற்றி. இதில் ஒரு விசேஷம் உண்டு. அடிக்கும் முன் வாளின் நுனி நம் முதுகுப் பக்கம் போய்வர வேண்டும். அப்படி வராத அடிக்குப் புள்ளி கிடையாது. பாம்பு கொத்துவது போல வெடுக்கென்று குத்தினால் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் கொண்டுபோய் வீசினால் படத்தில் போலவே தெரியும். எதிராளிக்கும் தடுக்க ஒரு நொடி கிடைக்கிறது.

கூர்வாளை வைத்துப் பழக முடியாது என்பதால் மாற்று வாள் தேடுவது புதிதல்ல. ஜப்பானியர்கள் கெண்டோவுக்கு நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துக் கட்டி வாளாக்கினார்கள். நம் சென்னைப் பெண் பவானி தேவி சிறுமியாகப் பழகத் தொடங்கியபோது மூங்கில் குச்சியில்தான் பழகினார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இறங்கி, ஒலிம்பிக் வாள்வீச்சில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். ஆகவே கையில் இருப்பது மூங்கிலா, பாலிகார்பனேட்டா என்பது பெரிய விஷயமில்லை.

வீட்டில் கடைப்பிடிக்க

வாள் வேண்டும் என்று உங்கள் வீட்டில் கேட்டால், வாங்கும் முன் இவற்றை முடிவு செய்துகொள்ளுங்கள்.

1. ஃபென்சிங் முகக்கவசம் இல்லாமல் எதிரெதிரே நிற்கவே கூடாது. ஹெல்மெட் இதற்குப் போதாது, முகத்தை முழுக்க மூடும் கம்பிவலை வேண்டும்.

2. கையில் திணிப்பு வைத்த உறை. அதிகம் அடி வாங்குவது விரல்கள்தான். என் வலது கட்டைவிரல் இதற்குச் சாட்சி.

3. தினமும் பயிற்சிக்கு முன் குழாயைத் தடவிப் பாருங்கள். கீறல், விரிசல் இருந்தால் அந்த அலகைத் தூக்கிப் போடுங்கள்.

4. ‘நில்’ என்று யார் சொன்னாலும் இருவரும் அந்த நொடியே நிற்க வேண்டும். சொன்னவன் சின்னவனா பெரியவனா என்ற பேச்சே இல்லை.

5. கோபம் வந்தால் அன்றைக்கு வாள் அலமாரிக்குப் போய்விடும்.

முடிந்தால் ஃபென்சிங் அல்லது சிலம்ப ஆசிரியர் ஒருவரிடம் அடிப்படையைக் கற்பது நல்லது. இந்த மகாராஷ்டிரத்திலேயே ‘மர்தானி கேல்’ என்ற பழைய ஆயுதக் கலை, முக்கியமாகக் கோலாப்பூர்ப் பக்கம், இன்னும் உயிரோடு இருக்கிறது. படத்தைப் பார்த்து நாமாகச் சுழற்றுவது ஆபத்து. சினிமாவில் இருவரும் அடி எங்கே வரும் என்று முன்கூட்டியே பேசிவைத்து ஆடுகிறார்கள்.

நானும் முழங்கால் அனுமதிக்கிற வரை பேரனோடு நிற்கிறேன். “ஏங்க, இந்த வயசுல இது தேவையா?” என்று என் மனைவி கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். ஆனால் மாலையில் காப்பியை மாடிக்கே கொண்டுவந்து தருகிறாள்.

பக்கத்து வீட்டு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். ஐந்து மாதம் கழித்து என் பேரன் தானே போய் அந்தக் கதவைத் தட்டினான். கையில் வாள் இல்லை, இரண்டாவது முகக்கவசம் இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பிள்ளைகளும் மாடியில் பழகுகிறார்கள். அந்தப் பையனின் அப்பா இன்னமும் நாற்காலி போட்டு, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இருக்கட்டும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன்.