ஓரிடத்தில் உட்காராத பிள்ளை



நாமக்கல், இராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் நம்பிக்கையோடு பிள்ளைகளைச் சேர்க்கிறோம். விடியற்காலைப் படிப்பு, இரவுப் படிப்பு என மணிக்கணக்கில் உட்கார வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது முடிவதில்லை. புத்தகம் திறந்திருக்கும், மனம் எங்கோ இருக்கும். கேள்வி முடியுமுன் பதில் வந்து விழும். ‘சேட்டைக்காரன்’, ‘சோம்பேறி’ என்ற பெயர் விழும், அடியும் விழும்.

மருத்துவர்கள் இதைக் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு, அதாவது ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். 1902-இலேயே இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி விரிவுரை ஆற்றினார். கவனத்தையும் அவசரத்தையும் ஆளும் மூளையின் செயல்பாட்டில் உள்ள வேறுபாடு இது. பெற்றோரின் வளர்ப்புக் குறையல்ல. 12 வயதுக்கு முன்பே தென்படும். வீடு, பள்ளி இரண்டிலும் 6 மாதமாவது நீடிக்கும். பெரும்பாலும் குடும்பவழி வரும். வளர்ந்தபின் ஓட்டம் குறையலாம். மறதியும், தொடங்கியதை முடிக்காமையும் தங்கிவிடலாம். மகனைத் திட்டும் தந்தையும் சில வேளை அதே சுமையைச் சுமப்பவராக இருக்கலாம்.

அடி கவனத்தைத் தராது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளியில் அடிப்பதைத் தடுக்கிறது. பாடத்தைச் சிறு துண்டுகளாக்குவோம்; இடையிடையே எழுந்து நடக்க விடுவோம்; செய்ததை உடனே பாராட்டுவோம். குழந்தை நல மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ காட்டுவோம். அவர் மாத்திரை எழுதித் தந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை.

சிறுபிள்ளைகளைத் தடுத்த சீடர்கள்மீது இயேசு கோபம் கொண்டதாக மாற்கு எழுதுகிறார். அப்பிள்ளைகள் அமைதியாக நின்றார்களா என்று அவர் சொல்லவில்லை. இயேசு அவர்களை அணைத்து ஆசி அளித்தார். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.