டு பிளெசிஸ், டிவில்லியர்ஸ்... தென்னாப்பிரிக்காவில் பிரெஞ்சுப் பெயர்கள் வந்தது எப்படி?

ஃபாப் டு பிளெசிஸை மஞ்சள் ஜெர்சியில் பார்த்துப் பழகியவர்களுக்கு அது கிட்டத்தட்ட நம்ம ஊர்ப் பெயர். ஆனால், தென்னாப்பிரிக்க வீரருக்கு எப்படி பிரெஞ்சுப் பெயர்? டிவில்லியர்ஸ், குரோனியே, இப்போது ஆஸ்திரேலியாவுக்கு ஆடும் லபுஷேன்... எல்லாமே பிரெஞ்சு வேர் கொண்ட பெயர்கள்தான். பின்னால் இருப்பது ஓர் அகதிகள் கதை.

பிரான்ஸில் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களை ஹியூகனாட் என்பார்கள். 1598-ல் நான்காம் ஹென்றி அவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தார். 1685-ல் பதினான்காம் லூயி அதை ரத்து செய்தார். ஆலயங்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் இரண்டு வாரத்தில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். மற்றவர்கள் வெளியேறவே கூடாது. தப்பி ஓடும்போது சிக்கிய ஆண்களுக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை, பெண்களுக்குச் சிறை. அப்படியும் லட்சக்கணக்கானோர் ஓடினார்கள்.

நெதர்லாந்து போனவர்களில் ஒரு சிறு கூட்டத்தை, 1688, 1689-ல் டச்சு கிழக்கிந்திய கம்பெனி ஆப்பிரிக்காவின் தென்முனையான கேப் பகுதிக்குக் கப்பல் ஏற்றியது. அப்போது நாகப்பட்டினத்தையும் பழவேற்காட்டையும் கையில் வைத்திருந்த அதே கம்பெனிதான். டு பிளெசிஸ் குடும்பங்களின் மூதாதை, புவாத்தியே நகரத்து மருத்துவர். மூன்று டிவில்லியர்ஸ் சகோதரர்கள் வந்தபோது, ‘இவர்களுக்குத் திராட்சைச் சாகுபடி தெரியும்’ என்று ஆளுநருக்குக் கம்பெனியின் சிபாரிசுக் கடிதமும் வந்தது.

சரி, இன்றைய வாரிசுகள் எப்படித் தேடுறாங்க?

முதல் சிக்கல், பெயர். டச்சு எழுத்தர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். ‘வில்லியோன்’ வில்யூன் ஆனது, ‘பினார்’ பினார் என்ற ஒலியோடே வேறு எழுத்துகளுக்கு மாறியது. இன்றைய ஸ்பெல்லிங்கை பிரெஞ்சு ஆவணத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. போதாக்குறைக்கு, 1701-ல் பள்ளிக்கூட மொழி டச்சு என்று கம்பெனி முடிவெடுத்தது. இரண்டே தலைமுறையில் பிரெஞ்சு மறைந்தது. பேரப்பிள்ளைகளுக்கே ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அதனால் தேடல் பின்னோக்கித்தான் போகும். முதலில் கேப் பகுதியின் ஞானஸ்நானப் பதிவேடுகள், சொத்துப் பட்டியல்கள். அடுத்து நெதர்லாந்தில் இருந்த பிரெஞ்சு மொழி சபைகள். அகதிகள் பழைய சபையின் சான்றுக் கடிதத்தோடு வருவார்கள்; சொந்த ஊர் அதில் இருக்கும். மிரட்டலுக்குப் பயந்து மதம் மாறியவர்கள், தப்பி வந்த பிறகு சபைமுன் நின்று அதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும். அந்த அவமானத்தையும் பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள். வாரிசுகளுக்கு இன்று அதுதான் பொக்கிஷம்!

கடைசியாக பிரான்ஸ். ஆலயத்தோடு பல பதிவேடுகளும் அழிந்தன. ஆனால், லா ரொஷேல் போன்ற ஊர்களின் ஏடுகள் தப்பின. பல காப்பகங்கள் அவற்றை ஸ்கேன் செய்து இணையத்திலேயே வைத்திருக்கின்றன.

தேடாதது கிடைத்தால்?

பிரெஞ்சு கிராமத்தைத் தேடிப் போகிறவர்கள் சிலர், அதே கேப் பதிவேடுகளில் ‘வான் பெங்காலன்’, ‘வான் டி கஸ்ட்’ என்ற மூதாட்டிகளைச் சந்திக்கிறார்கள். வங்காளத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். 1666-ல் விடுதலையான வங்காளத்து ஆஞ்செலா, 1669-ல் பாசன் என்ற ஐரோப்பியரை மணந்தார். இன்றைய பாசன் குடும்பங்களுக்கு அவர்தான் ஆதித்தாய்.

கலப்புத் திருமணத்தைக் குற்றமாக்கிய நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த 1971-ல், ஆய்வாளர் ஹீஸ பழைய பதிவேடுகளைக் கூட்டிக் கணக்கிட்டார். ‘தூய வெள்ளையர்’ என்று சொல்லிக்கொண்ட ஆப்பிரிக்கானர்களின் மூதாதையரில் சுமார் 7 சதவீதம் ஐரோப்பியர் அல்லாதவர்கள் என்றது அவர் கணக்கு.

டிவில்லியர்ஸ் சகோதரர்களின் பூர்விகத்தை லா ரொஷேல் வட்டாரம் வரை தேடிப் போக முடிகிறது. ‘வான் டி கஸ்ட்’ பெண்களுக்கோ பெரும்பாலும் ஒரு கரையின் பெயர் மட்டும்தான். அப்பா, அம்மா பெயர் எழுதும் இடம் காலி.